குழாய்க்கு முளைத்த மீசை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நிம்மதியாக மூச்சு விடு. உன் மேல் கேஸ் இல்லை. தாராளமாக வீட்டுக்கு வரலாம். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். போலீஸுக்குப் பயந்து நம்பரையே மாற்றிவிட்டாயே, மகா தைரியசாலி! உன் சிநேகிதனிடம் கெஞ்சி இந்த விலாசத்தை வாங்கினேன்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நீ வரைந்துவிட்டுப் போன படத்தை ஊரே திரண்டு வந்து பார்த்தது. காற்று மட்டும் வருகிற குழாய், அதற்கு நம் நகராட்சித் தலைவரின் முறுக்கு மீசை. யார் கைவேலை என்று ஒருவரும் கேட்கவில்லை; உன் கோடு ஊருக்கே தெரியுமே. பொதுச் சுவரைக் கெடுத்தாய், தன்னை அவமானப்படுத்தினாய் என்று தலைவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். விசாரணைக்கு உன் அத்தானைக் கூப்பிட்டார்கள். அம்மா அன்று அடுப்பே மூட்டவில்லை.

அங்கே இன்ஸ்பெக்டர் தலைவரிடம் பொறுமையாகச் சொன்னாராம். "சுவரைக் கெடுத்ததாக எழுதினால், பக்கத்திலேயே ஒட்டியிருக்கிற உங்கள் பிறந்தநாள் போஸ்டரையும் சேர்த்து எழுத வேண்டிவரும். அவமானம் என்றால், 'படத்தில் இருப்பது நான்தான்' என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள்" என்று. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டே, "அது நான் இல்லைங்க, வேற யாரோ" என்றாராம். சிரிப்பை அடக்க அத்தான் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். புகார் அங்கேயே வாபஸ்.

அதற்குள் தலைவர் அனுப்பிய ஆட்கள் வெள்ளையடிக்க ஆரம்பித்திருந்தார்கள். முதலில் மீசையைத்தான் அழித்திருக்கிறார்கள். ஸ்டேஷன் சேதி காதுக்கு எட்டியதும் குடத்தோடு நின்ற பெண்கள், "அது அவர் இல்லைன்னு அவரே சொல்லிட்டாராமே, அப்புறம் எதுக்கு அழிக்கறீங்க?" என்று மறித்துக்கொள்ள, வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மீசை போன குழாயைப் பார்த்துச் சனம் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது. தண்ணீர் மட்டும் இன்னும் வரவில்லை.

இனிமேல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் கடைக்குப் போகிற சாக்கில் தினமும் அந்த வழியாகத்தான் சுற்றிக்கொண்டு போகிறாள். எனக்கும் உன் மேல் கோபம் தீரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனாயே, அதற்கு. வரைந்ததற்கு இல்லை.

கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து சேர். உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா