சண்டை போட ஒரு வரலாற்றுப் புத்தகம்

வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தும் என் டீச்சரம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பாப்பாவின் பாடத்துக்கு வரலாற்றுப் புத்தகம் வாங்கும்போது, யாரையும் திட்டாத பொதுவான புத்தகம் போதும் என்றேன். நீதான் ராஜாக்களையெல்லாம் கிழி கிழியென்று கிழிக்கிற அந்தப் புத்தகத்தைப் பிடிவாதமாக வாங்கினாய். "உங்களுக்கு ராஜான்னா உசுரு. இதைப் படிச்சா அவ உங்ககூட ஃபோன்ல மல்லுக்கட்டுவா. இப்பல்லாம் 'சாப்டியா'வுக்கு மேல உங்களுக்குள்ள பேச்சே இல்லையே" என்றாய். அப்படியே நடந்தது. வாராவாரம் அவள் ஒரு ராஜாவைக் கூண்டில் ஏற்றினாள். நான் வக்காலத்து வாங்கினேன்.

போன வாரம் நான்தான் கெடுத்துவிட்டேன். அன்றைக்கு வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்கில் கதவு சிக்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் பட்டாணி மூட்டைகளோடு உள்ளே நின்றேன், அவ்வளவுதான். பயப்படாதே. அறைக்கு வந்தும் வாய் மரத்துப்போயிருந்தது. ஊராரை அடித்து வேலை வாங்கி அணை கட்டிய ராஜாவை அவள் திட்டத் தொடங்கியதும், "நீ சொல்றது சரிதாம்மா" என்று முடித்துக்கொண்டேன். அவளுக்கு ஜெயித்த சந்தோஷமே இல்லை. "அப்ப வெச்சிடவாப்பா?" என்றாள். அந்தக் குரல் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. கூடவே அடுத்த பாடத்தை ஜெராக்ஸ் எடுத்து வை, முன்கூட்டியே படித்துக்கொள்கிறேன். ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. அந்த அணையை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பாப்பாவிடம் சொல்லிவிடு.

உன்,
ராஜாக்களின் வக்கீல்