வெறுமையாகக் கூடாத கதிரை

நெடுந்தீவு
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்த எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுகிறேன். அப்பாவின் வள்ளம் திரும்பாத நாளிலிருந்து அம்மா வாசல் விளக்கின் கீழே, கடலைப் பார்த்த கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். கடலுக்குப் போனவர் கரையேறும்வரை விளக்கும் அணையக்கூடாது, கதிரையும் வெறுமையாகக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் அல்லவா?

அம்மாவின் இடது கால் வீங்கிச் சுடுகிறது. அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம் என்று சுகாதாரப் புத்தகத்தில் வாசித்தேன்.

"ஆசுப்பத்திரிக்குப் போவம், அம்மா."

"நான் எழும்பினால் கடலுக்குப் போன கொப்பர் ஆரைப் பார்த்துக் கரைக்கு வாறது?"

"நான் இதில இருக்கிறன். நீங்கள் கொஞ்சமெண்டாலும் நடவுங்கோ."

"சரி, டொக்டர் அம்மா!" என்று சிரித்தபடி எழுந்து, கடற்கரைப் பக்கம் நொண்டிக்கொண்டு போனார்.

அந்தக் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். என் கால்கள் விறைத்துவிட்டன. எழுந்திருக்க முடியவில்லை.

அதோ, அம்மா வருகிறார். இப்போது நொண்டவில்லை; கிட்ட வந்தும் மூச்சுச் சத்தமே இல்லை. பின்னால் இன்னொருவரின் ஈரக் காலடிச் சத்தமும் கேட்கிறது.

"இனி எழும்பு பிள்ளை. கொப்பர் வந்திட்டார்."

அக்கா, இருவருமாக விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் தங்கச்சி