கோட்டுக் கைக்குள்ளிருந்து வந்த கை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம்தான். உன் நலத்தைப் பற்றிப் போனில் நீ சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை, இருமிக்கொண்டே நல்லா இருக்கேம்ப்பா என்கிறாய், அதனால் விவரமாக எழுது. இதை நானும் போனில் சொல்ல முடியாது, உன் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், விஷயமே அவளைப் பற்றித்தான்.

கொஞ்ச நாளாக ஞாயிறு மதியம் ஆனால் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்றால் படம் பார்க்க என்கிறாள், எந்தத் தியேட்டர் என்றால் கண்ணாடிக் கடை மாடி என்கிறாள். என்ன கதை என்று கேட்டேன். கதையெல்லாம் இல்லீங்க, ஒரு மாடிப்படி எழுந்து வீட்டைவிட்டுப் போயிடுச்சு, அவ்ளோ அழகா இருந்துச்சு என்றாள். லிஃப்ட் ரிப்பேரிலேயே காலம் தள்ளியவன் நான், மாடிப்படி எங்கே போகும்? உன் அண்ணனிடம் சொன்னால் எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா என்கிறான்.

போன ஞாயிறு பின்னாலேயே போனேன். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, சுவரில் ஒரு வெள்ளை விரிப்பு, கண்ணாடிக் கடைக்காரரே மெஷின் ஓட்டுகிறார். ஏதோ சாமியாருக்கு ஆள் பிடிக்கிற கூட்டம்தான் என்று முடிவு கட்டிக் கடைசி வரிசையில் பதுங்கினேன். உன் அம்மா திரும்பாமலே, வந்துட்டீங்கல்ல, முன்னாடி வாங்க என்றாள்.

சினிமா பேசக் கற்றுக்கொள்ளாத காலத்துப் படம், பத்து நிமிஷம்கூட இருக்காது. ஒருத்தி ஆம்பளைக் கோட்டு ஒன்றைத் துவைக்கிறாள். கோட்டுக் கைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. அவள் கத்தவில்லை. மடியில் வைத்து விரல் விரலாகத் துடைத்து, கோட்டோடு சேர்த்துக் கொடியில் காயப் போடுகிறாள். அவ்வளவுதான். எங்கயோ வெட்டி ஒட்டியிருக்கான் என்று சத்தமாகவே சொன்னேன், உன் அம்மா தொடையில் கிள்ளினாள். முடிந்ததும் இதுக்கு என்ன அர்த்தம் என்று கடைக்காரரைப் பிடித்தேன். அர்த்தத்தை விடுங்க சார், அந்த விரலையெல்லாம் எவ்ளோ நிதானமா துடைச்சா, ஈரத்துல வெளிச்சம் எப்படி நின்னுச்சு, அதப் பாத்தீங்களா என்றார். பார்த்தேன்தான், பிடரி மயிர்கூடச் சிலிர்த்தது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை. அர்த்தம் இல்லை என்கிறவன் எதையோ மறைக்கிறான்.

திரும்பி வரும்போது உன் அம்மா தானாகவே சொன்னாள். நீ விட்டுப்போன மழைக்கோட்டு அலமாரியில் தொங்குகிறதாம், யாரும் இல்லாதபோது அதன் கைக்குள் கையை விட்டுப் பார்ப்பாளாம். பைத்தியம்னு நெனப்பீங்கன்னு சொல்லல, அங்க போனா என்னை மாதிரி யாரோ எப்பவோ படமே எடுத்து வெச்சிருக்காங்க என்றாள். வீட்டுக்கு வந்து அவள் அடுப்படியில் இருந்த நேரம் நானும் அலமாரியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தோள் வரைக்கும் விட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த இருமலுக்கு மருந்து வாங்கு, சாக்குச் சொல்லாதே. எந்த ஊரில் இருந்தாலும் குறையில்லாமல் இருப்பாய். வரும் ஞாயிறும் போகிறோம், அந்தக் கடைக்காரர்மேல் எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா