கடல் திருப்பிக் கொடுத்த மாலைகள்

வெள்ளி இரவு.

மூன்று உலகமும் நடுங்கும் தாய்மாமன் நான், இன்று வாயே திறக்காமல் தோற்றேன்.

கல்லூரியில் தொழில்முனைவு படிக்கும் அக்கா மகள் கவிதா, திருக்கழுக்குன்றத்துக் கோயில் மாலைகளை எருவாக்கி விற்பதற்காக முதல் மூட்டையைக் கொண்டுவந்தாள். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"சாமி கயுத்துல கெடந்த பூவ சாணியோட மிதிப்பியாடி? கடல்ல வுட்டுட்டு வா."

"கடலே நாறிக்கினு கீதும்மா. மாமா, நீயாச்சும் சொல்லேன்."

பேசியே பட்டத்து யானையை மண்டியிட வைப்பவன் நான். ஆனால் சாமிப் பூவை நானும் மிதிக்க மாட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

நானும் கவிதாவும் மாமல்லபுரம் கடலில் மூட்டையை அவிழ்த்தோம். அலை அத்தனை மாலையையும் கரைக்கே திருப்பித் தள்ளியது.

"கம்பெனி வேலைக்கே எழுதிப் போட்டுர்றேன் மாமா" என்றாள்.

வீடு வரும்வரை வண்டியின் பின் இருக்கையில் அவள் இருக்கிறாளா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.