தூங்குமூஞ்சி மரத்துத் தொட்டில்

1936 மார்ச் 2, திங்கள்

இன்று கணக்கில் இரண்டு தப்பு. யாழ்ப்பாணத்து டீச்சர் அடிக்கவில்லை. "பாக்கியம், உன்ர கவனம் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கவனம் அம்மாவிடம்தான் இருந்தது. அம்மாவுக்கு இது எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் அம்மா இருமினால்கூட ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

சாயங்காலம் அவளோடு தூங்குமூஞ்சி மரத்துக்குப் போனேன். கோல்ப் திடலின் நடுவில் நிற்கிறது அது. துரைமார் அடிக்கும் பந்து அதில் பட்டு விழும். பந்தை அடித்தவரை விட்டுவிட்டு மரத்தைத் திட்டுவார்கள். வேலைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்துப் பக்கம் தாழ்ந்து வரும் கிளையில் அம்மா தொட்டில் கட்டியிருக்கிறாள். மஞ்சள் துணி, உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கூழாங்கல். பிள்ளை பிறந்து, அதைத் தூக்கி வந்து பொங்கல் வைத்த பிறகு, கட்டியவளே அவிழ்க்க வேண்டும். அதுவரை வேறு யார் கையும் படக்கூடாது.

"போன ரெண்டு தடவையும் நான் கட்டல. அதான் போயிருச்சு" என்றாள் அம்மா.

இலைகள் மூடத் தொடங்கியதும் வீட்டுக்கு வந்தோம்.

மார்ச் 4, புதன்

சுப்பையா மாமா ஓடி வந்தார். அம்மாவின் தம்பி. துரைமாரின் கோல்ப் பையைத் தூக்குகிற வேலை.

"அக்கா, குதிரைக்காரன் வரான்லா!"

குதிரைக்காரன் என்பது ஒரு வெள்ளைக்கார சினிமா நடிகன். பையைத் தூக்குகிறவர்கள் வைத்த பெயர். படத்தில் குதிரை மேலேயே சாப்பிட்டு, குதிரை மேலேயே தூங்கி, குதிரை மேலேயே பெண்ணையும் தூக்கிக்கொண்டு போனானாம். பதினேழாம் தேதி அவன் வருகிற கப்பல் பினாங்கில் நிற்கிறது. எங்கள் திடலில்தான் ஆடப் போகிறானாம்.

"அவன் பையை யாரு தூக்கப் போறா, சொல்லு பாப்போம்?"

"குதிரைதான்" என்றாள் அம்மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் புல் வெட்டுகிறவர்களை வேலை வாங்குகிற மண்டோர். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு மாமாவிடம் மெதுவாகச் சொன்னார். திடலைப் பார்த்துக்கொள்கிற துரை தூங்குமூஞ்சி மரத்தை வெட்டச் சொல்லிவிட்டாராம். நடிகன் அடிக்கிற பந்து தடையில்லாமல் போக வேண்டும், அவனை எடுக்கப் போகிற படத்தில் பினாங்கு மலை முழுதாகத் தெரிய வேண்டும் என்றாராம். பதினாறாம் தேதிக்குள் அடிமரம்கூட இருக்கக்கூடாது.

"மீனாட்சிகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது." என் பக்கம் திரும்பினார். "நீயும்தான் பாப்பா. அவ பயந்தா வயித்துல இருக்கறதும் பயந்துரும்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் எழுதுவதைப் பார்த்தால், படிச்சுக் காட்டு என்பாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் படிக்க வராது. அதனால்தான் எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எலி ஓடினாலும் அம்மா எழுந்துவிட்டாளோ என்று நோட்டை மூடிவிடுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

விறகு பொறுக்கப் போனேன். மரத்தடியில் அப்பா. முதுகுதான் தெரிந்தது. கிளையிலிருந்து தொட்டிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் ஆனது.

பிறகு அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார், நிஜப் பிள்ளையை ஏந்துவது போல. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பலா மரத்தில் கட்டினார். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டார்.

"அம்மாதானேப்பா அவுக்கணும்?"

"தெரியும் பாப்பா. மரத்தோட சேந்து வெட்டுப்பட்டா அது இன்னும் மோசம் இல்லையா?" புறங்கையால் வாயைத் துடைத்தார். "சாமிகிட்ட சொல்லிட்டேன். கோவம்னா என்மேல மட்டும் படச் சொல்லி."

சாமி அப்படிக் கேட்குமா?

மார்ச் 10, செவ்வாய்

மரத்துக்குப் போகலாம் என்று அம்மா கூப்பிட்டாள். துரைமார் விளையாடுகிறார்கள், பந்து வயிற்றில் படும் என்று அப்பா தடுத்துவிட்டார். "இத்தனை நாளா படாத பந்தா இப்ப படப் போவுது?" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நான் பாடப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மரத்தை வெட்டவில்லை! வெட்டப் போவதும் இல்லை!

படம் பிடிக்கிறவர் இன்று வந்து இடத்தைப் பார்த்தாராம். மரம் இல்லாவிட்டால் படம் மொட்டையாக இருக்கும், நடிகனை அந்த நிழலில்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். துரை அப்பாவைக் கூப்பிட்டு, கோடாலியை உள்ளே வைக்கச் சொன்னாராம். அவ்வளவுதான். ஒரு வாரமாக நாங்கள் செத்துப் பிழைத்தோம். அவருக்கு அது ஒரு வார்த்தை.

"இப்பவே போய்க் கட்டிடலாம்பா" என்றேன்.

"நாளைக்கு வெள்ளி. சாயங்காலம் குளிச்சிட்டு, கற்பூரம் கொளுத்தி, இருந்த எடத்துலயே கட்டிடறேன். ஏற்கெனவே ஒரு தப்பு பண்ணியாச்சு. இதையாவது நல்ல நாள்ல செய்வோம்."

இன்றைக்குத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் அம்மா இல்லை. வெளியே மழை.

அவளும் வெள்ளிக்கிழமை என்று பார்த்திருக்கிறாள். எனக்கு ஏன் தோணலே? ஏன் அப்பாவுக்கும் தோணலே?

மரத்தடியில் முட்டி போட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கற்பூரம் நனைந்து கரைந்திருந்தது.

"காணோம்டி பாக்கியம். அவுந்து விழுந்துருச்சு போலருக்கு. துணி போனா போவுது, கல்லையாவது தேடுடி. கல்லையாவது தேடு."

எனக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம்தான். கை காட்டினால் போதும். வாயே வரலே. அப்பா பேரைச் சொல்லணுமே. நானும் அவள் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டு தேடினேன். இல்லாத இடத்தில், இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். ஐயோ, நான் தேடினேன்.

எழுந்திருக்கும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாமா ரிக்ஷாவில் சூலியா தெருவுக்குப் போய் மருத்துவச்சி ருக்கையா அக்காவை அழைத்து வந்தார். என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். வெந்நீர் கொதிக்கிறது. அம்மா கத்தினாலும் பயமாக இருக்கிறது. கத்தாவிட்டாலும் பயமாக இருக்கிறது.

மார்ச் 14, சனி

ஆண் பிள்ளை. அழவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அப்பாவும் மாமாவும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. காது மட்டும் பார்த்தேன்.

ருக்கையா அக்கா இன்றும் வந்தார். பால் கட்டிக்கொண்டு அம்மாவுக்குக் காய்ச்சல். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். அப்படிச் செய்தால் பால் நின்றுவிடுமாம். வீடு முழுக்க மல்லிகை வாசனை, கல்யாண வீடு போல. நான் வெளியே போய் நின்றேன்.

அப்போது அக்கா பேசுவது கேட்டது. "இதக் கேளு புள்ள. நீ வழுக்குனதும் இல்ல, மழையும் இல்ல. கொடி கழுத்துல சுத்தியிருந்துச்சு. அல்லா எழுதுனது. யாரு தப்பும் இல்ல."

"என் தப்புதான் அக்கா. நான் முடிச்ச ஒழுங்காப் போடல" என்றாள் அம்மா. "அங்க அவுந்த முடிச்சு இங்க வந்து விழுந்துருச்சு."

அப்பா வெந்நீர்ப் பானையோடு வாசற்படியில் நின்றிருந்தார். அவருக்கும் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் பானையைப் பார்த்தார்.

மார்ச் 17, செவ்வாய்

குதிரைக்காரன் வந்துவிட்டுப் போய்விட்டான். மாமாதான் பை தூக்கினார். பெருமையாகச் சொல்ல நினைத்திருந்ததை எல்லாம், அம்மாவுக்குக் கொஞ்சம் முகம் மாறாதா என்று, சுரத்தில்லாமல் சொன்னார்.

"ஆளு குள்ளம்லா அக்கா. தொப்பியைக் கழட்டுனா முடியும் இல்ல. நாலு பந்து அடிச்சான், மூணு புல்லுலயே படுத்துக்கிச்சு. வெயில் தாங்கல. படம் எடுத்து முடிச்சும் அந்த மர நிழல விட்டு எந்திரிக்கவே இல்ல. மரத்தத் தட்டித் தட்டிக் குடுத்தான். நல்ல வேளை, வெட்டாம விட்டானுங்க..."

அப்பா இருமினார். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மா திரும்பினாள். "எந்த மரத்த வெட்ட இருந்தாங்க?"

மாமா சாப்பிடாமலே போய்விட்டார்.

மார்ச் 19, வியாழன்

அம்மா சாப்பிடுவதில்லை. முந்தானையை இரண்டாகக் கிழித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போடுகிறாள். இழுத்துப் பார்க்கிறாள். அவிழ்க்கிறாள். மறுபடி போடுகிறாள். அழவும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "அம்மா முடிச்சுப் போட்டுப் போட்டுப் பாக்குதுப்பா."

"பாத்தேன்."

"சொல்லிடுங்கப்பா."

"சொன்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டா பாப்பா." அப்பா குழந்தை மாதிரி பேசினார். நான்தான் பெரியவள் மாதிரி நின்றேன். எனக்குப் பதின்மூன்று வயது.

"இப்ப அம்மா தன் கையையே பாத்துட்டு உக்காந்திருக்குப்பா" என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

அப்பா வேலை முடிந்து வந்து கால்கூடக் கழுவவில்லை. சட்டையெல்லாம் புல். அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். அப்பா என்னைப் போகச் சொல்லவில்லை.

"நான்தான் அவுத்தேன் மீனாட்சி."

மரத்தை வெட்டச் சொன்னது, பலா மரத்தில் கட்டியது, வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். முன்னும் பின்னுமாகச் சொன்னார். அம்மா கம்பியில் இருந்த துணியை விடவே இல்லை. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணியின் முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தொட்டதும் அவுந்துச்சா?"

"இல்ல."

"பின்ன?"

"நகத்தால முடியல. பல்லால கடிச்சு இழுத்துத்தான் அவுத்தேன்."

"பல்லாலயா?"

"ஆமா."

அம்மா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிள்ளை போனதிலிருந்து இன்றைக்குத்தான் அழுதாள். அப்பா கை நீட்டினார். அவள் நகர்ந்துகொண்டாள். என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மார்ச் 23, திங்கள்

அம்மா இன்று எழுந்து சோறு வடித்தாள். ஜன்னல் கம்பியில் துணி இல்லை. எனக்குப் போட்டாள். தானும் இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்பாவின் தட்டைக் கழுவினாள், துடைத்தாள், என் கையில் கொடுத்தாள்.

நான்தான் அவருக்குச் சோறு போட்டேன்.