அறுநூற்றுப் பன்னிரண்டு தொட்டிகளும் என் மகளின் கையெழுத்தும்

அனுப்புநர்:
இயந்திரப் பொறியியல் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய்.
(பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. நிறுவனத்துக்கு நகல் அனுப்பும்போது அந்த உறையைச் சேர்க்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.)

பெறுநர்:
முதன்மை ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: கோடைக்காலத் தொழிற்பயிற்சிக்கு வந்த மாணவியைக் கொண்டு, காற்றுத் தொட்டிகளுக்கு முழுமையாகச் செய்யாத சோதனையைச் செய்ததாகப் பதிவு செய்தது, தொட்டி ஒன்று வெடித்தபின் பழியை அவள்மேல் போட்டது, விற்பனையான மற்றத் தொட்டிகளைத் திரும்பப் பெறக் கோருவது - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நான் கணிதப் பட்டதாரி. நூலகம் ஒன்றில் பதிவேட்டுப் பணி செய்கிறேன். வயது நாற்பத்தாறு. இதுவரை யார்மீதும் புகார் எழுதியதில்லை. எழுதிவிட்டு அதே தெருவில் நடக்க வேண்டுமே என்ற கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு. இந்த மனுவில் என்மீதும் ஒரு புகார் இருக்கிறது. அது ஐந்தாம் பத்தியில் வரும்.

2. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் ஆறு வாரம் தொழிற்சாலைப் பயிற்சி பெற வேண்டும் என்பது என் மகளின் கல்லூரி விதி. பதினோரு நிறுவனங்களுக்கு அவளே கடிதம் எழுதினாள். இரண்டு பதில் வந்தன. இரண்டிலும் பெண்களுக்கு வசதியில்லை என்றிருந்தது. கடைசியில் கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர், தமக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். டயர் கடைகளிலும் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைகளிலும் ஓடுகிற கம்ப்ரசர்களுக்கு அங்கே காற்றுத் தொட்டி செய்கிறார்கள். இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புக் காலணியில் அவர்களிடம் இருந்த மிகச் சிறிய அளவே இவளுக்கு இரண்டு அளவு பெரிது. முன்பக்கம் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் டக் டக்கென்று நடந்து காட்டினாள். அன்று அவ்வளவு சிரித்தோம்.

3. முதல் வாரம் அவளுக்குத் தந்த வேலை, பெயர்ச்சீட்டுகளைக் கத்தரித்து அடுக்குவது. இரண்டாம் வாரம் அழுத்தச் சோதனை செய்துவந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்தில் என் மகளை உட்காரவைத்தார்கள். கற்றுக்கொடுத்தது ஒரு முற்பகல் மட்டும். தொட்டியில் தண்ணீரை முட்ட நிரப்பி, பம்பினால் அழுத்தம் ஏற்றி, வால்வை மூடி, அளவுமானியின் முள் இறங்குகிறதா, வெல்டிங் ஓரத்தில் ஈரம் கசிகிறதா என்று முப்பது நிமிடம் பார்க்க வேண்டும். பார்த்தபின் தாளில் "30 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்திடவும் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு.

4. அந்த மேற்பார்வையாளருக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் "பத்து நிமிஷம்". பத்து நிமிடத்துக்கு மேல் எந்தத் தொட்டியையும் அவர் நிற்கவிட்டதில்லை. முதல் நாள் என் மகள் முழு நேரமும் காத்திருந்தபோது அவர் சொன்னதை அவள் சொன்னபடியே தருகிறேன்: "ஏம்மா காலேஜு, முள்ளையே மொறச்சுப் பாத்தா அது வெக்கப்பட்டு எறங்கிடுமா? தண்ணிய வடிச்சுட்டு அடுத்தத ஏத்து. லாரி நிக்குது." பக்கத்தில் இருந்த வெல்டர் அண்ணன் நல்லவர், கேலிக்காரர். "நான் ஒட்டுறேன், நீ கையெழுத்துப் போடு, மிச்சத்த கடவுள் பாத்துக்குவாரு" என்றாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். என் மகளும் சிரித்திருக்கிறாள். புதிதாகப் போன இடத்தில் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது தங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்று மாலைக்குள் பதினெட்டுத் தாள்களில் "30 நிமிடம்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மேற்பார்வையாளரின் கட்டம் காலியாகவே இருந்தது. கேட்டதற்கு, "அத நான் மொத்தமா போட்டுக்குறேன்" என்றார். இன்றுவரை போடவில்லை.

5. அன்று மாலை அவள் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, பாக்காததப் பாத்தேன்னு எழுதச் சொல்றாங்கம்மா" என்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. நான் சொன்னது இது: "ஆறு வாரந்தானே? வாய மூடிக்கிட்டு சர்டிபிகேட்ட வாங்கிட்டு வா. ஊரத் திருத்துற வேலைய அப்புறம் பாத்துக்கலாம். பதினோரு எடத்துல கெஞ்சுனது மறந்துபோச்சா?" அவள் "சரிம்மா" என்றாள். அதன்பின் அந்தத் தொழிற்சாலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பிள்ளை பேச்சை நிறுத்திக்கொண்டதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டவள் நான். இதைத் தாங்கள் விசாரணைப் பதிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

6. இருபத்து நான்கு வேலை நாட்களில் அவள் கையெழுத்திட்ட தொட்டிகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாளில் மட்டும் முப்பத்தாறு. அந்தப் பிரிவில் இருப்பது ஒரு பம்ப், ஓர் அளவுமானி. ஒரு நேரத்தில் ஒரு தொட்டியைத்தான் மாட்ட முடியும். தொட்டிக்கு முப்பது நிமிடமென்றால் முப்பத்தாறு தொட்டிகளுக்குப் பதினெட்டு மணி நேரம். தண்ணீர் நிரப்பவும் வடிக்கவும் ஆவது தனி. அவளுடைய வேலை நேரம் எட்டு மணி. பள்ளிப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கை நிறுவனம் போடவில்லை, தொட்டி வாங்கியவர்கள் போடவில்லை, கல்லூரி போடவில்லை. கணிதம் படித்த நானும் போடவில்லை.

7. பயிற்சி முடிந்த அன்று நிறுவனம் தந்த சான்றிதழில் "அழுத்தச் சோதனைப் பிரிவைத் தனித்து நின்று திறம்படக் கையாண்டார்" என்று இருக்கிறது (இணைப்பு 1). கல்லூரி அதைப் பெரிதாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. பயிற்சி முடிந்த ஏழாவது வாரத்தில், ஒரு டயர் கடையில் அந்தத் தொட்டிகளில் ஒன்று வெல்டிங் ஓரமாகப் பிளந்து வெடித்தது. கடைக்காரருக்கு இடக்கால் முறிந்தது. ஒரு காது கேட்கவில்லை. அடுத்த வாரமே கல்லூரிக்கு நிறுவனம் எழுதிய கடிதத்தில் "பயிற்சி மாணவி எங்கள் அனுமதியின்றித் தன்னிச்சையாகச் சோதனைத் தாள்களில் கையெழுத்திட்டுள்ளார்" என்று இருக்கிறது (இணைப்பு 2). இரண்டு கடிதங்களிலும் ஒரே மேலாளரின் கையெழுத்து. தனித்து நின்றது திறமை என்று எழுதிய கை, அறுபது நாளைக்குள் அதையே குற்றம் என்று எழுதியிருக்கிறது.

8. கல்லூரி விசாரணை நடத்தியது. அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் போனதிலிருந்து திரும்பி வரும்வரை பன்னிரண்டு நிமிடம். "இது உன் கையெழுத்தா?" என்று கேட்டார்களாம். "ஆமாம்" என்றாளாம். "அப்ப வேற என்ன இருக்கு?" என்று தாள்களை மூடிவிட்டார்கள். பயிற்சி செல்லாது, ஓராண்டு இடைநீக்கம். ஒருங்கிணைப்பாளர் என்னை நடைவழியில் தனியே நிறுத்தி, "அம்மா, ஒங்க பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா அந்தக் கம்பெனி வருஷத்துக்கு நாலு பேர எடுக்குது. அடுத்து வர்ற பசங்களையும் நான் பாக்கணும்ல?" என்றார். அந்த நாலு பேரில் ஒருவர் அடுத்த கோடையில் அதே பம்பின் முன் உட்காருவார் என்பது அவருக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லாமல் விட்டாரா என்பதை நான் அறியேன்.

9. இனி எழுதுவது என் மகளுக்குப் பாதகமானது. அவள் அனுமதியுடன் எழுதுகிறேன். ஒவ்வொரு தொட்டியின் எண்ணையும் அது உண்மையில் எத்தனை நிமிடம் நின்றது என்பதையும் ஒரு சிறு நோட்டில் அன்றன்றே குறித்துவைத்திருக்கிறாள். மேற்பார்வையாளர் சாப்பிடப் போன நேரங்களில் இருபத்து மூன்று தொட்டிகளை முழு முப்பது நிமிடமும் நிறுத்தியிருக்கிறாள். வெடித்த தொட்டி அந்த இருபத்து மூன்றில் இல்லை. அது எட்டு நிமிடம் நின்றது. முழு நேரம் நின்றிருந்தால் குறை தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்திருக்காது என்று சொல்ல எவராலும் முடியாது. அந்த நோட்டை விசாரணைக்கும் எடுத்துப் போனாள். யாரும் திறக்கவில்லை.

10. என் அண்ணன் வழக்கறிஞர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மொதல்ல இத எரிச்சிடு. இது இல்லேன்னா தெரியாத்தனமா போட்டுட்டான்னு சொல்லித் தப்பிக்க வைக்கலாம். இது இருந்தா தெரிஞ்சே போட்டான்னு இவளே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். நானும் தீப்பெட்டியைத் தேடாத குறைதான். என் மகள் நோட்டை வாங்கிக்கொண்டு, "மாமா, எந்த டேங்க் எத்தன நிமிஷம் நின்னுச்சுன்னு இதுல மட்டுந்தான் இருக்கு. எரிச்சிட்டா அந்தக் கடைக்காரங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டாவது முறையாக அவளை வாயை மூடச் சொல்ல எனக்குத் துணிவில்லாமல் போனது. நோட்டின் நாற்பத்தொரு பக்கங்களும் இணைப்பு 3 ஆக உள்ளன. அசலை எப்போது கேட்டாலும் நேரில் கொண்டுவந்து தருவாள்.

11. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

நோட்டில் முப்பது நிமிடத்துக்குக் குறைவாகக் காட்டியுள்ள தொட்டிகள் ஐந்நூற்று எண்பத்தொன்பது. ஒன்று வெடித்துவிட்டது. மீதி ஐந்நூற்று எண்பத்தெட்டையும் நிறுவனத்தின் விற்பனைப் பதிவைக் கொண்டு கண்டுபிடித்து, உடனே நிறுத்தி, மறுசோதனை செய்ய ஆணையிட வேண்டும்.

என் மகளின் பயிற்சிக்கு முன்பும் பின்பும் அந்தப் பிரிவில் எழுதிய சோதனைத் தாள்களுக்கும், ஆறாம் பத்தியில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளரின் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

"உரிய நடவடிக்கைக்கு" என்று குறிப்பெழுதி இந்த மனுவை அதே நிறுவனத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. இதைக் கேட்க நேர்ந்ததற்கு மன்னிக்கவும். ஆனால் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இடைநீக்கம் குறித்துக் கல்லூரிக்குத் தாங்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். முதலில் அதைத்தான் முதல் கோரிக்கையாக எழுதியிருந்தேன். என் மகள் படித்துப் பார்த்துவிட்டு அதைக் கடைசிக்கு மாற்றச் சொன்னாள். தான் இட்ட கையெழுத்துக்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்பதாகவும், வேறு யாருடைய கையெழுத்துக்கும் சேர்த்து ஏற்க முடியாது என்றும் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

ஐயா, அவளுக்குப் போவது ஓராண்டு. அதை அவள் வீட்டில் உட்கார்ந்து பொறுத்துக்கொள்வாள். நான் இதை எழுதும் இந்த முற்பகலில் ஐந்நூற்று எண்பத்தெட்டுக் கடைகளில் யாரோ ஒருவர் ஸ்விட்சைப் போட்டு, தொட்டியில் காற்று ஏறுவதற்காகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். தங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்புக்குத்தான் இன்று நேரம் இருக்கிறது என்றால், என் மகளின் கோப்பைத் தள்ளி வையுங்கள்.

நாள்: அக்டோபர் 9
இடம்: தனி உறையில் கண்டபடி

பதிலை எதிர்பார்த்து ஒப்பமிடும்,
மாணவியின் தாய்

மேலே கண்டவற்றில் என்னைப் பற்றியவை அனைத்தும் உண்மை:
மாணவி