என்னிடம் மட்டும் சொல்லாத கிழிசல்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. வெளிக்குப் போய் இன்றோடு ஐந்து நாள்.

36வது வாரச் செக்கப். இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் பார்த்தார்கள். பிரஷர், எடை, குழந்தையின் இதயத் துடிப்பு. அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல், முக்கினால் ரத்தம் வருகிறது என்றேன். டாக்டரம்மா ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எல்லாருக்கும் இருக்கிறதுதான், தண்ணீர் நிறையக் குடிங்க என்றார். பக்கத்தில் நின்ற பிரபு சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். என் புருஷன். மலச்சிக்கல் என்ற சொல்லுக்கு இத்தனை வெட்கம்.

வெளியே வரிசையில் இருந்த பெண் என் கையைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள்: “எனக்குமுங்க. எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருக்கறனுங்க.” எல்லாருக்கும் இருக்கிறது என்றால் ஏன் எல்லாரும் கிசுகிசுக்கிறோம்?

அம்மா வீட்டுக்குப் போகப் பை கட்டினேன். நைட்டி 4. பாப்பாத் துணி. ரிப்போர்ட் ஃபைல். உலர் திராட்சை. மலம் இளக இசப்கோல் பாக்கெட், நைட்டிக்கு அடியில். ஏன் அடியில்? தெரியவில்லை. எடுத்து மேலே வைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு
தொண்டாமுத்தூர், அம்மா வீடு. காற்று. மலை முழுக்க மேகம்.

கக்கூஸ் வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, தென்னந்தோப்பு ஓரம். வீட்டுக்குள் கட்டினால் வாஸ்து கெடும் என்று அப்பா சின்ன வயதிலிருந்தே சொல்வார். இன்று விடிந்ததும் போய் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யானை. தோப்பில் ஆட்கள் கத்துகிறார்கள், பட்டாசு வெடிக்கிறது. நான் நிறைமாத வயிற்றோடு உள்ளே. ஒரு மணி நேரம். வந்த வேலையும் ஆகவில்லை. வெளியே வந்து அப்பாவிடம், வாஸ்து யானைக்குப் பொருந்தாதா என்று கேட்டேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மூல வியாதியும் வந்தாயிற்று. கையில் தட்டுப்படுகிறது. உட்கார முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்து எழுதுகிறேன்.

ஜூன் 26, வியாழன்
ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. 24ஆம் தேதி பகல் 12.40. மூன்று கிலோ நானூறு. தலை நிறைய முடி. அழகி.

இதையும் எழுதி வைக்க வேண்டும். முக்கும்போது மேஜையிலேயே மலம் வந்துவிட்டது. அப்படி ஆகும் என்று ஒன்பது மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை. ஆயா இன்னொரு ஆயாவிடம் சொன்னது காதில் விழுந்தது: “இந்தம்மா பண்ணிப்போட்டா பாரு.” உயிர் போகிற வலியில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டேன்! நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தையல் எத்தனை என்று நர்ஸிடம் கேட்டேன். கொஞ்சம்தான், தானாகக் கரைந்துவிடும் என்றாள். ஒரு சிரப் குடிக்கச் சொல்கிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. தினமும் வாசலில் நின்றபடியே, “மோஷன் போச்சுங்களா?” வார்டு முழுக்கக் கேட்கிறது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் மாமனார் உட்பட.

ஜூன் 29, ஞாயிறு
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில்தான் முதல் தடவை போனேன். கதவுத் தாழைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிரசவத்தில்கூட அப்படி அழவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் சுகப்பிரசவம் என்று இருக்கிறது. யாருக்கு?

ஜூலை 4, வெள்ளி
அம்மாவின் பத்தியம். பூண்டுக் குழம்பு, சோறு, மறுபடி பூண்டு. கீரை கூடாது. பழம் கூடாது. மோர் பெயரையே எடுக்கக் கூடாது. தண்ணீர் வேளைக்கு அரை டம்ளர், அதுவும் சுடுதண்ணீர். நிறையக் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம், குழந்தைக்குச் சளி பிடிக்குமாம். பால் எதிலிருந்து வரும் என்று கேட்டேன்.

அதனால் கக்கூஸுக்குப் போகும்போது பாட்டிலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போய் அங்கே நின்று தண்ணீர் குடிக்கிறேன். எம்.எஸ்சி. படித்தவள். பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு பேருக்குச் சூப்பர்வைசர். கக்கூஸில் ஒளிந்து தண்ணீர் குடிக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி
வெயில் கொஞ்சம். பாப்பாவின் நாப்கின் 22 துவைத்தேன்.

ஒரம்பரை வந்தார்கள். பிரபுவின் அத்தை, அவர் மருமகள், இன்னும் இருவர். குழந்தையை மடியில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல் காற்றுப் பிரிந்தது. சத்தமாக. அடக்க நினைக்கும் முன்பே. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். பாப்பா என்றேன். பதினேழு நாள் குழந்தை மேல் பழி போட்டேன். அத்தை சிரித்துவிட்டு, பேத்தி பலசாலிதான் என்றார்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் துணியில் கறை. ரத்தமில்லை.

இது நாலாவது தடவை. முதல் மூன்றை எழுதவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் என்று இருந்தேன்.

ஜூலை 14, திங்கள்
ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். தையல் இடம் லூஸாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சரவணம்பட்டியில் ஆபீஸில் இருந்த பிரபுவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும் என்றார். அவர் குரல் என்னவோ போல இருந்தது.

கோவிலுக்கு அழைக்கிறார்கள், தீட்டுக் கழிந்ததும். போக மாட்டேன். அங்கே நடுவில் வந்துவிட்டால்? நான் ஏதோ தப்பாக முக்கிவிட்டேன். என் உடம்புதான் சரியில்லை போல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறு வாரச் செக்கப். பழைய டாக்டர் லீவு. இளம் பெண் டாக்டர் ஒருவர், கண்ணாடி போட்டவர், ஃபைலை முழுக்கப் படித்தார். நிஜமாகவே படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: “மூணாவது கிரேடு கிழிசலாச்சே. மோஷனை அடக்க முடியுதுங்களா? காத்து?”

எனக்கு எதுவும் புரியவில்லை. யாருக்கு மூணாவது கிரேடு என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தார். பிறப்பு வழி. ஆசனவாய். அதைச் சுற்றி வளையம்போல ஒரு தசை. கிழிசல் அந்தத் தசைவரை போயிருக்கிறது. அன்றைக்கே ஆபரேஷன் தியேட்டரில் தைத்திருக்கிறார்கள். மலம் இளகத்தான் அந்த சிரப். இப்படி ஆனவர்களில் சிலருக்குக் கசிவு இருக்கும், பயிற்சி செய்தால் பெரும்பாலும் குறையும், நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை என்றார். கடைசி வாக்கியத்துக்கு நான் அழுதேன்.

எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பினார். ‘விவரம் தெரிவிக்கப்பட்டது.’ கீழே கையெழுத்து. பிரபுவின் கையெழுத்து.

அவர் வெளியே பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டினேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“நீ பயந்துக்குவீன்னுதான் கண்ணு. டாக்டரம்மாவும் இப்பச் சொல்ல வேண்டாம்னாங்க.”

“இப்பன்னா எப்பங்க?”

அவர் பாப்பாவின் துணியைச் சரிசெய்தார்.

கிழிந்தது என்னுடைய தசை. கையெழுத்து அவருடையது. ஆறு வாரமாக யாரும் பார்க்காமல் துணி அலசியது நான். நான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்ததும் நான். எங்கள் கம்பெனியில் லீக் டெஸ்ட் செய்யாமல் ஒரு பம்ப் வெளியே போகாது. குறை இருந்தால் சீட்டில் எழுதி அதன் மேலேயே கட்டுவோம்.

ஆகஸ்ட் 6, புதன்
சமையலறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கத்தினேன். ஆஸ்பத்திரி, பிரபு, பூண்டுக் குழம்பு, அரை டம்ளர் தண்ணீர், எல்லாம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு மெதுவாக,

“அதுக்கு வைத்தியம் இருக்குதா கண்ணு?”

இருக்கிறதாம், சரியாகுமாம் என்றேன்.

“எத்தன வருசம் ஆனாலுமா?”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அம்மா உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

நான் பிறந்ததிலிருந்தாம். நான் பெரிய குழந்தை. மருத்துவச்சி வீட்டிலேயே பார்த்தாளாம், தையலே கிடையாது. அப்போதிருந்து அவசரம் வந்தால் நிறுத்த முடியாது. வெளியூர் போக வேண்டுமென்றால் முந்தின நாளிலிருந்தே பட்டினி. என் கல்யாணத்தன்று அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் பட்டம் வாங்கிய விழாவுக்கு வரவில்லை. தலைவலி என்றாள். அதற்காக ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

அப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“அவருகிட்டப் போயி இதச் சொல்லுவாங்களா? ஊட்டுக்குள்ளயே ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு மட்டும் கேட்டுப்போட்டே இருந்தேன்.”

முப்பத்தொரு வருஷம். வாஸ்து.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
நேற்று பிசியோதெரபி, முதல் நாள். அந்தப் பெண் மலையாளம் கலந்து பேசுகிறாள், எதற்கும் கூச்சமே இல்லை. சொன்னவை:
காற்றை அடக்குவதுபோல இறுக்கி, பத்து எண்ணி, மெதுவாக விட வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை.
போகும்போது காலுக்கடியில் முக்காலி. முக்கவே கூடாது.
தண்ணீர், கீரை, பழம்.
சிரப்பை நிறுத்தக் கூடாது.

அம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மதியம் முருங்கைக் கீரை. அடுப்படியில் நிற்கும்போது அவள் முகம் திடீரென்று இறுகுகிறது, வாய்க்குள் பத்துவரை எண்ணுகிறாள். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

பிரபு வந்தார். தப்புத்தான், உன்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும் என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, இன்னும் இல்லை. இனி என் உடம்பைப் பற்றி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் நான் படித்த பிறகு என்றேன். சரி என்றார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். வீட்டுக்குள் கக்கூஸ் கட்டச் சொல்லி அப்பாவிடம் பேசுங்கள் என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. அது அம்மாவுடையது.

பேசினார். ஒரு டீ குடிக்கிற நேரம். “மாப்பிள்ளை சொன்னாச் சரிதானுங்க” என்றார் அப்பா. அம்மா முப்பத்தொரு வருஷம் கேட்டது. சந்தோஷப்படுவதா, தட்டைத் தூக்கி எறிவதா? சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்
மறுபடி சாரல். முற்றத்தில் மணல், செங்கல். கக்கூஸ் பீங்கானை எந்தத் திசை பார்த்து வைப்பது என்று கொத்தனாருக்கும் அப்பாவுக்கும் விவாதம்.

17 நாளாகத் துணியில் கறை இல்லை. காற்று இன்னும் சில நேரம் சொல்லாமல் போகிறது. மூலம் சுருங்கிவிட்டது. பாப்பா இரண்டு நாளாக மலம் போகவில்லை என்று பிரபுவின் அத்தை போனில் ஒரே பதற்றம். நான் போனேனா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, பரவாயில்லை.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். கிழிந்தவளிடம் சொல்லுங்கள், அவள் மொழியில், அவள் கையில் தாள் கொடுத்து. ரிசப்ஷனில் வாங்கி, மேலே அனுப்புகிறோம் என்றார்கள். மேலே யார் என்று கேட்டேன். பெயர் எழுதிக்கொடுக்கும்வரை அங்கேயே நின்றேன். கொடுத்தார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்
அம்மாவை அந்தக் கண்ணாடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். பாப்பாவைப் பிரபு பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் முன் வாசலை ஒட்டிய சீட். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பையில் மாற்றுச் சேலை, அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். இரண்டு தடவை திரும்பிப் போய்விடலாம் என்றாள்.

என்ன பிரச்சினை என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பேசவில்லை. அம்மா சொல்லட்டும் என்று இருந்தேன். கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னாள். எல்லாவற்றையும். எத்தனை வருஷமாக என்றார் டாக்டர்.

“இவ வயசுங்க.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பரிசோதனை செய்தார். பழையது, முழுக்கச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் நிறையக் குறைக்கலாம் என்றார். ஸ்கேன், பயிற்சி, வெளியே போகும் நாளுக்கு அவசரத்தை அடக்க ஒரு மாத்திரை. பட்டினி கிடக்க வேண்டாம், கட்டாயம் சாப்பிடுங்கள் என்றார். இவ்வளவு காலம் ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை என்று கேட்டார்.

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்: “யாரும் கேக்கலீங்க.”

கோபத்தை நான் வைத்திருக்கிறேன், அவளுக்கும் சேர்த்து.

அம்மா மாத்திரை போட்டுக்கொண்டதும் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி ஓட்டலுக்குப் போனோம். அம்மா முதலில் கழிவறை எங்கே என்று சர்வரிடம் கேட்டாள், வாய்விட்டு. பிறகு தோசை. பிறகு இன்னொரு தோசை, முறுகலாக.